மீனுக்கு 10 டி.எம்.சி.: அது யார் பங்கு?

வெண்ணாற்றங்கரை:

கூன் மகசீர் திரியில் டென்வர்_தமிழ் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்தத் திரி மீன் படம் போடுகிறவர்களுடையது, அதைக் கெடுக்க வேண்டாம் என்று இங்கே தனியாகத் தொடங்குகிறேன். அவர் சொன்னதன் சுருக்கம் இது. காவிரியில் அழிவின் விளிம்பில் நிற்கும் கூன்முதுகு மகசீர் மீனையும் அது வாழும் ஆற்றுப் பகுதியையும் காப்பாற்ற ஆகும் செலவை ஆற்றுத் தண்ணீர் எடுக்கும் எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும், யார் எத்தனை டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) எடுக்கிறார்களோ அந்த விகிதத்தில் கட்ட வேண்டும், கொலராடோ ஆற்றில் அப்படித்தான் செய்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புப்படி மொத்தம் 740 டி.எம்.சி. அதில் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. இவர் விகிதப்படி போனால் செலவில் நூற்றுக்கு 55 ரூபாய்க்கு மேல் தமிழ்நாட்டின் தலையில் விழும், அதிலும் பெரும்பகுதி டெல்டா நெல்லின் தலையில். அந்த மீன் எங்கே இருக்கிறது? மோயாற்றில் இருக்கிறது. எல்லையில் தண்ணீர் அளக்கும் இடமான பிலிகுண்டுலுவுக்கும் ஒகேனக்கல்லுக்கும் மேலே காட்டுக்குள் இருக்கிறது. சிவனசமுத்திரத்துக்குக் கீழே கர்நாடகக் காட்டில் இருக்கிறது. வெண்ணாற்றில் இல்லை, வெட்டாற்றில் இல்லை, எங்கள் கடைமடை வாய்க்காலில் நிச்சயமாக இல்லை.

எங்கள் பங்கை நாங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். காவிரி நடுவர் மன்றம் 2007இல் சுற்றுச்சூழலுக்கு என்று 10 டி.எம்.சி. ஒதுக்கியது. அது யார் பங்கு? எங்கள் பங்கு. ஒரு டி.எம்.சி. இருந்தால் ஐயாயிரம் ஆறாயிரம் ஏக்கர் நெல் கரையேறும். பத்து டி.எம்.சி.க்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் ரூபாயும் கட்டு என்றால் என்ன நியாயம்?

டென்வர்_தமிழ்:

ஐயா, கோபத்துக்கு முன்னால் ஒரு கூட்டல். 2007 இறுதித் தீர்ப்பில் தமிழ்நாடு 419, கர்நாடகம் 270, கேரளம் 30, புதுச்சேரி 7, சுற்றுச்சூழல் 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது 4. கூட்டினால் 740. அதாவது அந்த 10ஐ முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் நான்கு பேருக்கும் பிரித்தார்கள். 2018இல் 419 என்பது 404.25 ஆனபோதும் அந்த 10 அப்படியே நின்றது. அது உங்கள் பங்கு இல்லை, யார் பங்கும் இல்லை. எல்லாரும் சேர்ந்து விட்டுக்கொடுத்தது. நான் சொல்லும் செலவுப் பகிர்வின் முதல் படியே அதுதான்.

கொலராடோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீழ்க் கொலராடோவில் 2005இல் தொடங்கிய பல்லுயிர்ப் பாதுகாப்புத் திட்டம் 50 வருடத்துக்கானது, மதிப்பீடு 62.6 கோடி டாலர். பாதியை மத்திய அரசு போடுகிறது, மீதிப் பாதியை கலிபோர்னியா, அரிசோனா, நெவாடா மாநிலங்களின் தண்ணீர், மின்சாரப் பயனாளிகள் போடுகிறார்கள். மேல் கொலராடோவில் 1988 முதல் இன்னொரு திட்டம், அதில் கிளென் கேன்யன் போன்ற அணைகளின் மின்சார வருமானத்திலிருந்து பெரும் தொகை வருகிறது. அங்கேயும் ஒரு கூன்முதுகு மீன் உண்டு. 2021இல் அதை 'அழியும் நிலை'யிலிருந்து ஒரு படி இறக்கி 'அச்சுறுத்தலில் உள்ளது' என்ற வகைக்கு மாற்றினார்கள். காசு போட்டால் பலன் தெரிகிறது என்பதற்காகச் சொன்னேன், யாரையும் குத்திக்காட்ட இல்லை.

வெண்ணாற்றங்கரை:

740 கூட்டல் எனக்கும் தெரியும். தனியாக எடுத்து வைத்தார்கள் என்கிறீர்களே, எடுத்து எங்கே வைத்தார்கள்? நடுவர் மன்றம் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டும் என்று சொன்னது 192 டி.எம்.சி. அந்த 192க்குள்தான் இந்த 10 உட்கார்ந்திருக்கிறது. 182 எங்களுக்கு, 10 மீனுக்கு. 2018இல் 177.25 ஆகக் குறைத்தபோதும் 10 உள்ளேதான் இருந்தது. எங்களுக்குக் கொடுக்கிறேன் என்று கர்நாடகம் காட்டும் கணக்கில் மீனுக்குப் போவதும் சேர்ந்திருக்கிறது. அப்புறம் எல்லாரும் விட்டுக்கொடுத்தது என்றால் எப்படி? எங்கள் ரசீதில் எழுதிய தண்ணீர் எங்கள் பங்குதான்.

மடிவாளா_வாசி:

வெண்ணாற்றங்கரை அண்ணா, ரசீதில் எழுதினால் பொருள் கையில் வந்தது என்றுதானே அர்த்தம். பிலிகுண்டுலுவில் எந்த மாதம் எவ்வளவு தர வேண்டும் என்ற அந்த மாதவாரி அட்டவணையைப் பாருங்கள். பிப்ரவரி 2.5, மார்ச் 2.5, ஏப்ரல் 2.5, மே 2.5. இந்த நாலையும் கூட்டினால்தான் அந்த 10. வினாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் கன அடி, கோடையில் ஆறு செத்துப் போகாமல் இருக்க. மீன் அதைக் குடித்துத் தீர்த்துவிடுவதில்லை. பிலிகுண்டுலு தாண்டி, ஒகேனக்கல் பாறையில் இறங்கி, நேராக மேட்டூரில் வந்து சேர்கிறது. ஜனவரி 28இல் டெல்டாவுக்கு அடைத்த அணை ஜூன் 12இல் திறக்கிறது, நடுவில் வந்து சேர்ந்த அந்தத் தண்ணீரும் உங்கள் குறுவைக்குத்தான் வருகிறது. மீனுக்குக் கொடுத்தேன் என்று ஒரு தடவை, எனக்கு வரவில்லை என்று இன்னொரு தடவை, ஒரே தண்ணீருக்கு இரண்டு தடவை அழுகிறீர்கள்.

வெண்ணாற்றங்கரை:

தம்பி, பெங்களூரில் உட்கார்ந்து எங்களுக்கு அட்டவணை வாசிக்கிறீர்கள். அந்த 2.5 எந்த வருஷம் முறையாக வந்தது? 2024 கோடையில் இதே 2.5க்காகத் தமிழ்நாடு காவிரி ஒழுங்காற்றுக் குழுவில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது, கர்நாடகம் அணையில் இல்லை என்று கையை விரித்தது. அதற்கு முந்தின வருஷம் குறுவை கருகியதை நான் படத்தில் பார்க்கவில்லை, வரப்பில் நின்று பார்த்தேன். கதிர் வரும் நேரத்தில் வயல் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பில் கையை விட்டால் மணிக்கட்டு வரை போகும். காகிதத்தில் 10, ஆற்றில் பூஜ்யம், இதில் மீன் செலவுக்கு நான் 55 விழுக்காடு கட்ட வேண்டுமாம்.

காளிங்கராயன்_பாசனம்:

நான் ஈரோட்டுப் பக்கம். ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிடமிருந்து பிடுங்கியதே அந்த 10 டி.எம்.சி.தான். டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று சொல்லிப் பிடுங்கினார்கள். அப்போது மீனுக்குப் போன பத்தும் நம்மிடம் எடுத்ததுதான் என்று ஆகிறதே. வெண்ணாற்றங்கரை சொல்வது சரி.

டென்வர்_தமிழ்:

இல்லை. அந்தப் பத்து வேறு, இந்தப் பத்து வேறு. 2018இல் குறைந்தது 14.75. அதில் 10 டெல்டாவின் நிலத்தடி நீரைக் காரணம் காட்டிக் குறைத்தது, 4.75 பெங்களூரின் குடிநீருக்காகக் கொடுத்தது. சுற்றுச்சூழல் 10 என்பது 2007இலிருந்தே தனி வரி, அதை யாரும் தொடவில்லை.

காளிங்கராயன்_பாசனம்:

அது எப்படி வேறு ஆகும்? 10 போச்சு என்றால் 10 போச்சு. எங்கே போச்சு என்று நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றங்கரை:

அதேதான். நம்மிடமிருந்து போனது 10. எந்தக் கணக்கில் பார்த்தாலும் 10.

குறிப்பேடு:

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். 'பயனாளி' என்றால் யார், 'செலவு' என்றால் தண்ணீரா பணமா, 'வாழிடம்' என்றால் ஆற்றின் எந்த நீளம் என்று முதலில் ஒத்துக்கொண்டு பேசினால் என்ன? ஆளுக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறோம் என்று தோன்றுகிறது.

மடிவாளா_வாசி:

பத்து பற்றிப் பேசுவதானால் மூன்றாவது பத்து ஒன்றும் இருக்கிறது. காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் 2024 அக்டோபரில் பெங்களூரில் தொடங்கியது, நாளைக்கு 77.5 கோடி லிட்டர். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 10 டி.எம்.சி. நானே சொல்கிறேன், எங்கள் நகரம் மீனுக்குக் காசு கட்டத்தான் வேண்டும். தண்ணீர்க் கட்டணத்தில் இரண்டு மூன்று ரூபாய் பசுமை வரி வைத்து மேற்குத்தொடர்ச்சி மலைக்குச் செலவிடலாம் என்று 2024 நவம்பரில் கர்நாடக வனத்துறை அமைச்சரே பேச்சை எடுத்தார். எனக்குச் சம்மதம். தண்ணீர் லாரிக்காரனுக்குக் கொடுக்கும் காசில் அது தூசு. நீங்களும் அப்படி ஏதாவது கட்டத் தயாரா என்பதுதான் கேள்வி.

வெண்ணாற்றங்கரை:

ஆக 10 டி.எம்.சி.யை எடுத்தது பெங்களூர் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

மடிவாளா_வாசி:

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? அளவு ஒன்றாக இருக்கிறது என்றேன்.

வெண்ணாற்றங்கரை:

அளவு ஒன்று, ஆறு ஒன்று, எடுத்தவர்கள் நீங்கள். இரண்டு ரூபாய் வரி கட்டிவிட்டு பாவம் தீர்ந்தது என்று போவீர்கள். மேகதாது பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை? 67.16 டி.எம்.சி. அணை, மூழ்கப் போவது ஏறத்தாழ 5,000 ஹெக்டேர், அதில் பெரும்பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயம். இந்த மீன் வாழும் மடுக்களில் பல அந்த அணைக்குள் போய்விடும். பெங்களூரின் குடிநீருக்காக என்று சொல்லித்தான் கட்டப் பார்க்கிறார்கள். மீன் மேல் அவ்வளவு அக்கறை இருந்தால் முதலில் அதை வேண்டாம் என்று உங்கள் ஊர்க்காரர்களிடம் சொல்லுங்கள், அப்புறம் கடைமடைக்காரனிடம் உண்டியல் குலுக்கலாம்.

மடிவாளா_வாசி:

என் ஊர் தஞ்சாவூர்தான், பிழைப்புக்கு இங்கே இருக்கிறேன். மேகதாதுவை நான் ஆதரித்து எங்கே எழுதினேன் என்று காட்டுங்கள். 2016 செப்டம்பரில் இங்கே தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தபோது கடையை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவன் நான். உங்கள் ஆறு, எங்கள் ஆறு என்று நீங்கள் இழுப்பதன் விலையை இங்கே இருக்கும் தமிழர்கள்தான் கொடுக்கிறோம், அதையும் உங்கள் விகிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கல்_பரிசல்:

நான் பரிசல் ஓட்டும் குடும்பத்துப் பையன், இப்போது வேறு வேலை. இதுவரை பேசிய யாரும் கோடையில் அந்த இடத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. மார்ச் முடியும்போது பிலிகுண்டுலுவுக்குக் கீழே ஆறு பாறைக்கு நடுவில் நாலைந்து ஓடையாகப் பிரிந்துவிடும். நடுவில் இருக்கும் மடுக்களில் மட்டும் ஆழம் நிற்கும். பெரிய மீனெல்லாம் அங்கே ஒதுங்கும், வேறு போக்கிடம் இல்லை. அப்போதுதான் தோட்டாக்காரன் வருவான். ஒரு தோட்டா வெடித்தால் மடு முழுக்க வெள்ளை வயிறாக மிதக்கும், அவன் நாலு பெரிய மீனைப் பொறுக்கிக்கொண்டு போவான், விரல் நீளக் குஞ்சுகள் கரையோரம் அழுகிக் கிடக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் மீன் ஒரே மடுவில் அடைந்து கிடக்காது, தோட்டாக்காரனுக்கும் அவ்வளவு லாபம் இல்லை. அந்த 2.5 வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்பது எங்களுக்குக் காகிதம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் என்று எங்கள் பக்கம் அறிவித்தார்கள், 686 சதுர கிலோமீட்டர். வலை போட்டவன், மாடு மேய்த்தவன், அவன்தான் முதலில் செலவைக் கட்டினான். உங்கள் விகிதத்தில் அவனுக்கு எந்த வரி? நீங்கள் யாராவது பணம் போட்டால் அது எங்கள் பக்கம் வர வேண்டும். மடுவுக்குக் காவல் போட எங்கள் பையன்களை வேலைக்கு வையுங்கள். எந்த மடு எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

டென்வர்_தமிழ்:

தம்பி சொன்னது இந்தத் திரியிலேயே முக்கியமான பதிவு. நான் கேட்கும் பணம் இதற்குத்தான். கோடையில் ஓட்டம், மடுவுக்குக் காவல், பிழைப்பு போனவர்களுக்கு வேலை. இதெல்லாம் சும்மா நடக்காது.

வெண்ணாற்றங்கரை:

முக்கியமான பதிவுதான். அதில் அவர் கேட்பது அந்த 2.5 வர வேண்டும் என்று. அது வந்தால் எங்களுக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது. தர வேண்டியவர் கர்நாடகம். தோட்டா போடுவது டெல்டா விவசாயி இல்லை. லோனாவாலா பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மகசீரைக் கொண்டுவந்து காவிரியில் விட்டு, கூன் மகசீரின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்படி செய்தது யார்? தூண்டில் போடும் வெள்ளைக்காரனுக்கு மீன் வேண்டும் என்று செய்தது. அதுவும் நாங்கள் இல்லை. உண்டாக்காத கேட்டுக்கு, ஓடாத தண்ணீருக்கு, இல்லாத மீனுக்கு எங்களிடம் வசூல். ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று டென்வரில் இருந்துகொண்டு தாராளமாக அள்ளி விடுகிறார்.

டென்வர்_தமிழ்:

நான் எங்கே இருக்கிறேன் என்பதை விட்டு விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். என் அப்பாவின் நிலம் இன்னும் கீழ்பவானி ஆயக்கட்டில்தான் இருக்கிறது. இங்கே வீட்டுக்குத் தண்ணீர்க் கட்டணம் கட்டுகிறேன், இந்த நகரத்துக்கு மலைக்கு அந்தப் பக்கமிருந்து கொலராடோ ஆற்றின் தண்ணீர் சுரங்கக் கால்வாய் வழியாக வருகிறது, அதற்கான மீன் திட்டங்களுக்கு நகரக் குடிநீர் வாரியமும் பங்கு போடுகிறது. யாரும் 'நான் மீனைப் பார்த்ததே இல்லை' என்று மறுக்கவில்லை. புதிதாகத் தண்ணீர் எடுக்கும் திட்டம் வந்தால் எடுக்கும் அளவுக்கு ஏற்ப ஒருமுறை கட்டணம் வைத்தார்கள். மீன் இருக்கும் இடத்தில் இருப்பவன்தான் கட்ட வேண்டும் என்றால் எந்த ஆற்றிலும் எந்த மீனும் பிழைக்காது. ஆற்றில் குறைவது மேலே எடுப்பதாலும்தான், கீழே எடுப்பதற்காக அணையில் பூட்டி வைப்பதாலும்தான்.

காளிங்கராயன்_பாசனம்:

கீழ்பவானி ஆயக்கட்டா? அப்படிச் சொல்லுங்கள். இப்போது புரிகிறது. பழைய ஆயக்கட்டான கொடிவேரிக்கும் காளிங்கராயனுக்கும் போக வேண்டிய தண்ணீரை அணை கட்டி 200 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி எடுத்துக்கொண்டவர்கள், எங்களிடம் மீன் காசு கேட்கிறார்கள்.

டென்வர்_தமிழ்:

பவானிசாகர் யாரிடமும் எடுத்துக்கொண்டு கட்டியது இல்லை, வெள்ளத்தில் வீணாகப் போனதைத் தேக்கியது. உங்கள் முன்னுரிமை இன்றும் இருக்கிறது. இரண்டு லட்சம் ஏக்கர் வறண்ட காடு அதனால் வயலானது.

காளிங்கராயன்_பாசனம்:

வீணாக என்று சொல்லாதீர்கள். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடு என்று ஒரு கூட்டம், போடாதே என்று ஒரு கூட்டம், உங்கள் ஆயக்கட்டுக்காரர்கள் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு உண்ணாவிரதம் இருந்ததை ஊரே பார்த்தது. கசிவு நீரை நம்பிக் கிணறு வைத்திருந்தவன் கதி என்ன என்று கேட்டால் பதில் இல்லை, மீனின் கதியைக் கேட்க வந்துவிட்டீர்கள்.

அப்புறம் ஒரு விஷயம், இதை யாரும் சொல்லவில்லை. மோயாற்றில் மீன் இருக்கிறது என்கிறீர்கள். அங்கே தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் மழையைப் பொறுத்து மட்டும் இல்லை. மேலே பைக்காரா, மோயார் மின்நிலையங்கள் ஓடினால் ஆறு ஏறும், நிறுத்தினால் இறங்கும். முட்டையிடும் நேரத்தில் சரளைக்கல் மேல் தண்ணீர் நிற்பதும் வற்றுவதும் சுவிட்ச் போடுகிறவர் கையில் இருக்கிறது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணை, ஒவ்வொன்றும் 30 மெகாவாட். ஆறு என்று சொல்கிறோமே தவிர அது ஆகாயத்தாமரை மிதக்கும் குளங்களின் வரிசை. மின்சாரக்காரர்கள் ஒரு சொட்டுத் தண்ணீரையும் 'எடுப்பதில்லை', அதனால் உங்கள் டி.எம்.சி. விகிதத்தில் அவர்கள் பங்கு பூஜ்யம். இது என்ன கணக்கு?

டென்வர்_தமிழ்:

மின்சார வருமானத்திலிருந்துதான் பெரும் பங்கு வருகிறது என்று என் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். அதைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வெண்ணாற்றங்கரை:

அப்படியானால் டி.எம்.சி. விகிதம் என்பதைக் கைவிட்டீர்கள்.

டென்வர்_தமிழ்:

கைவிடவில்லை. கூடச் சேர்க்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:

ஒவ்வொரு பதிவிலும் ஒன்றைக் கூடச் சேர்க்கிறீர்கள், குறைப்பது மட்டும் எங்கள் தண்ணீரை. இவர் பழக்கம் எனக்குத் தெரியும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மேலணை மதகுகள் உடைந்து போனபோது, கண்ணெதிரே தண்ணீர் கொள்ளிடத்தில் கடலுக்குப் போகிறதே என்று நாங்கள் பதறிக்கொண்டிருந்தோம். அப்போது இவர் இதே தளத்தில், கடலுக்குப் போவது வீண் இல்லை, கழிமுகத்துக்கு நல்லது என்று பாடம் எடுத்தார். இன்று பவானிசாகர் பற்றிப் பேசும்போது மட்டும் வெள்ளத்தில் வீணாகப் போன தண்ணீர். உங்கள் அப்பா நிலத்துக்கு வந்தால் வீண் ஆகாது, எங்கள் நிலத்துக்கு வராவிட்டால் கழிமுகத்துக்கு நல்லது. இதை எல்லாரும் படித்துக்கொள்ளுங்கள்.

டென்வர்_தமிழ்:

கழிமுகத்துக்கு நல்லது என்பதில் இன்றும் மாற்றம் இல்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு நன்னீர் போகாவிட்டால் என்ன ஆகும், கடல் உப்பு உங்கள் வயலுக்குள் எவ்வளவு தூரம் ஏறும் என்று டெல்டாக்காரரான உங்களுக்குத் தெரியாதா?

வெண்ணாற்றங்கரை:

தெரியும். அதற்குத்தான் அந்த 4 டி.எம்.சி. அதையும் கணக்கில் எழுதியாகிவிட்டது. 10ம் 4ம் 14. ஆக நாங்கள் கொடுத்தது 14.

மடிவாளா_வாசி:

இப்போது 14 ஆகிவிட்டதா! இரண்டு பக்கம் முன்னால் 10ஆக இருந்தது. இன்னும் இரண்டு பக்கம் போனால் 740 முழுவதையும் நீங்கள்தான் மீனுக்குத் தானம் செய்தீர்கள் என்று வரும்.

குறிப்பேடு:

மறுபடியும் கேட்கிறேன். பணமா, தண்ணீரா? டென்வர்_தமிழ் பணம் பற்றிப் பேசுகிறார், வெண்ணாற்றங்கரை தண்ணீர் பற்றிப் பேசுகிறார்.

வெண்ணாற்றங்கரை:

எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். வயலில் நின்று பார்த்தால் தெரியும்.

ஒகேனக்கல்_பரிசல்:

நான் கேட்டதற்கு யாராவது பதில் சொல்லுங்கள். மடுவுக்குக் காவல் போட ஆகும் செலவு உங்கள் கோடிக்கணக்கான டாலர் கணக்கில் ஒரு ஓரம். நாலு மாதம், சில மடு, உள்ளூர் ஆட்கள். அதைக் கூட யார் கொடுப்பது என்று முடிவாகாமல் பத்தா பதினாலா என்று பேசுகிறீர்கள்.

காளிங்கராயன்_பாசனம்:

தம்பி, அதற்கு மின்வாரியம் கொடுக்கட்டும். நான் சொல்லிவிட்டேன்.

மடிவாளா_வாசி:

ஈரோட்டுக்காரர் மின்வாரியத்தைக் காட்டுகிறார். பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயக்கழிவு பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருப்பூரில் நொய்யலைக் கெடுத்தவர்களிடம் விவசாயிகளுக்கு இழப்பீடு வாங்கிக் கொடுத்தார்கள், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. செலவை யார் தலையில் வைப்பது என்பதற்கு நம் ஊரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது, கொலராடோ வரை போக வேண்டாம். கெடுத்தவன் கட்ட வேண்டும்.

காளிங்கராயன்_பாசனம்:

சாயக்கழிவால் பாதிக்கப்பட்டவர்கள் நாங்கள். காளிங்கராயன் வாய்க்காலில் கழிவு கலக்காமல் இருக்கத் தனியாகப் பக்கத்துக் கால்வாய் கேட்டுப் போராடியவர்கள். ஈரோடு என்றாலே சாயம் என்று எழுதுவதை நிறுத்துங்கள். கரூரிலிருந்து கொள்ளிடம் வரை மணலை அள்ளி ஆற்றைப் பாறை தெரியும் அளவுக்குச் சுரண்டியது யார் என்று கீழே இருப்பவர்களைக் கேளுங்கள். மணல் இல்லாத ஆற்றில் எந்த மீன் முட்டையிடும்?

வெண்ணாற்றங்கரை:

மணல் அள்ளியவன் விவசாயி இல்லை. லாரிக்கு முன்னால் படுத்தவன் விவசாயி. இனி ஒரு தடவை டெல்டாக்காரர்கள் மணல் அள்ளினார்கள் என்று எழுதினால் நான் வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும்.

காளிங்கராயன்_பாசனம்:

நான் டெல்டாக்காரர்கள் என்று எழுதவில்லை, கீழே இருப்பவர்கள் என்று எழுதினேன். இதுவரை உங்களுக்கு ஆதரவாகப் பேசியவன் நான் ஒருவன்தான், அதை மறந்துவிடாதீர்கள்.

நெறியாளர்:

தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். யார் எந்த ஊர், யார் அப்பா நிலம் எங்கே என்பதெல்லாம் இந்தத் திரிக்குத் தேவையில்லை. அடுத்த பதிவு விஷயத்தோடு இல்லையென்றால் பூட்டிவிடுவேன்.

டென்வர்_தமிழ்:

விஷயத்தோடு ஒரே ஒரு கேள்வி, வெண்ணாற்றங்கரை ஐயாவுக்கு. அந்த 10 உங்கள் பங்கு என்றே வைத்துக்கொள்வோம், வாதத்துக்காக. பிப்ரவரியிலிருந்து மே வரை மாதம் 2.5 தவறாமல் பிலிகுண்டுலுவில் வர, கண்காணிக்க, மடுவைக் காக்க ஒரு பொதுநிதி வைக்கிறார்கள். பெங்களூர் கட்டுகிறது, மின்வாரியங்கள் கட்டுகின்றன, கர்நாடகப் பாசனம் கட்டுகிறது. அந்தத் தண்ணீரும் மேட்டூருக்குத்தான் வருகிறது. அப்போதும் டெல்டா ஒரு ரூபாய் கூடப் போடாதா?

வெண்ணாற்றங்கரை:

'வாதத்துக்காக' என்று எதற்கு? உங்கள் பங்கு என்று நேராக எழுதுங்கள், அப்புறம் பேசலாம். காலையிலிருந்து நான் கேட்பது அந்த ஒரு வரியைத்தான். அதை எழுத இவருக்கு மனசு வரவில்லை, அமெரிக்கா, மின்சாரம், அலையாத்தி என்று சுற்றிக்கொண்டே இருக்கிறார்.

டென்வர்_தமிழ்:

இல்லாததை எப்படி எழுதுவது? 740ஐக் கூட்டிப் பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை:

192ஐக் கழித்துப் பாருங்கள்.

மடிவாளா_வாசி:

இப்போது 192 இல்லை, 177.25.

வெண்ணாற்றங்கரை:

அந்தக் குறைந்த 14.75ஐப் பற்றித்தான் நாளை எழுதப் போகிறேன், 4.75 எந்த ஊர்க் குழாயில் வருகிறது என்பதையும் சேர்த்து. ஜூனிலிருந்து மே வரை மாதவாரி அட்டவணை இரண்டையும், 2007இல் இருந்ததையும் 2018இல் இருந்ததையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தனித் திரி போடுகிறேன். யாருக்குத் தைரியம் இருக்கிறதோ அங்கே வாருங்கள்.

ஒகேனக்கல்_பரிசல்:

அங்கேயும் வருகிறேன். மடுக் காவலுக்கு யார் காசு கொடுப்பார் என்று அங்கேயும் கேட்பேன்.

காளிங்கராயன்_பாசனம்:

திரி போடும்போது மின்வாரியத்தையும் தலைப்பில் சேர்க்கவும். கீழ்பவானிக்காரர்கள் வந்தால் அவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன்.